எலிப்படைக்கு ஒரு வெள்ளம்

அந்த அட்டைப் பெட்டியை என் ஓரகத்திக்கு நான் கொடுத்தது இரக்கத்தினால் அல்ல, அலமாரியில் இடம் இல்லாததால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் கடையில் ஆளாளுக்கு, "உங்களுக்கு என்ன பெரிய மனசு, கார்டையெல்லாம் தூக்கிக் குடுத்துட்டீங்களாமே" என்று ஆரம்பித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய மனசும் இல்லை, ஒன்றும் இல்லை. ஷூ வாங்கும்போது வந்த பெட்டி அது. உள்ளே எனக்கு வேண்டாத கார்டுகள் கிடந்தன.

நான் பல் செய்கிறவள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து எங்கள் லேபுக்கு அனுப்புவார்கள். அந்த அச்சைப் பார்த்து, அந்த ஒரு வாய்க்கு மட்டும் பொருந்துகிற மாதிரி பீங்கான் பல்லைச் செதுக்கி அனுப்ப வேண்டும். பக்கத்துப் பல்லின் நிறம், மேல்பல் வந்து இடிக்கிற இடம், அந்த ஆள் எந்தப் பக்கமாக மெல்லுகிறவர் என்பது வரைக்கும் பார்க்க வேண்டும். அதே பல்லை இன்னொருவர் வாயில் வைத்தால் அவரால் வாயை மூடக்கூட முடியாது. இப்படி முகம் தெரியாதவர்களின் கடைவாயோடு நாளெல்லாம் மாரடித்துவிட்டு, புதன்கிழமை மட்டும் நான் நேரே வீட்டுக்குப் போக மாட்டேன். கார்டு கடைக்குப் போவேன்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது அது. முன்னறையில் கார்டு பாக்கெட்டுகளும், கார்டு கசங்காமல் இருக்கப் போடுகிற பிளாஸ்டிக் உறைகளும் விற்பார்கள். பின்னறையில் வரிசையாக மேசைகள். சாதாரணச் சீட்டாட்டத்தில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே கட்டு. இந்த ஆட்டத்தில் அவரவர் கட்டை அவரவரே கொண்டுவர வேண்டும். ஆயிரக்கணக்கான கார்டுகள் வெளிவந்திருக்கின்றன. அதிலிருந்து அறுபதைப் பொறுக்கிக் கட்டினால் அது உங்கள் டெக். ஒரே கார்டு நாலுக்கு மேல் இருக்கக்கூடாது. சில கார்டு மிருகம், சில கார்டு மந்திரம், மிச்சமெல்லாம் அவற்றை மேசையில் இறக்கத் தேவையான சக்தி. எதிராளியின் இருபது உயிரை முதலில் தீர்ப்பவர் ஜெயித்தார். ஆடுவதற்கு அரை மணி நேரம் போதும். கட்டுவதுதான் மாதக்கணக்கில் இழுக்கும்.

அங்கே எனக்கு எரிமலை என்று பெயர். என் டெக்கில் எரிமலைத் தாய் என்று ஒரு பறக்கும் டிராகன் உண்டு. எட்டு சக்தி சேர்ந்தால்தான் இறக்க முடியும். இறங்கிவிட்டால் மேசை அவளுடையது. எதிரே இருப்பதெல்லாம் சாம்பல். இறங்குவதற்குள் பாதி ஆட்டங்களில் நானே சாம்பலாகியிருப்பேன் என்பது வேறு விஷயம். என் டெக்கில் அறுபத்தோரு கார்டு இருந்தது. அறுபதுக்குக் குறையக்கூடாது என்றுதான் விதி, கூடலாம். ஆனால் கூடக் கூட நல்ல கார்டு கைக்கு வருவது தள்ளிப்போகும் என்பதால் விவரம் தெரிந்தவர்கள் யாரும் கூட வைக்க மாட்டார்கள். எனக்கும் விவரம் தெரியும். எந்த ஒன்றை எடுப்பது என்றுதான் தெரியவில்லை.

வீட்டில் நான் பெரியவ. என் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி அவள் மேல்மாடிக்கு வந்த நாளிலிருந்து அவள் சின்னவ. அதுவரைக்கும் நான் துணி மடித்தால் அது மடித்த துணி. அவள் வந்த பிறகு, "சின்னவ மடிச்சா அயர்ன் பண்ணின மாதிரி நிக்குது" என்று என் மாமியார் துணியிடம் சொல்வதுபோல் எனக்குச் சொல்வார். நான் வாங்கிய திரைச்சீலை, அவள் வாங்கிய திரைச்சீலை. நான் பேசுகிற சத்தம், அவள் பேசுகிற சத்தம். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதுதான் பெரிய குறை. புதன்கிழமை சாயங்காலம் ஒன்றுதான் யாரோடும் என்னை ஒப்பிடாத நேரமாக மிஞ்சியிருந்தது.

அதிலும் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, புதன்கிழமையானா எங்க போறீங்க?" என்று மாடிப்படியில் வழிமறித்துக் கேட்டாள்.

"வேலை."

"வேலைக்குப் போறவங்க மூஞ்சி இப்படி இருக்காதே. பொண்ணு பாக்க வர்றாங்கன்னு சொன்ன மாதிரியில்ல இருக்கு?"

சிரித்துவிட்டேன். அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கார்டு, டெக், கடை எல்லாவற்றையும் சொன்னேன். நானும் ஆடலாமா என்றாள். புதிதாக வாங்க வேண்டாம், என்னிடம் ஒரு பெட்டி சும்மாதான் கிடக்கிறது என்று அந்த ஷூப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன். பாக்கெட் பிரித்தால் எப்போதும் வருகிற, யாரும் சீந்தாத கார்டுகள். முக்கால்வாசி விதவிதமான எலி. ஒரே ஒரு சக்தியில் இறங்கும், ஒரே ஒரு அடி அடிக்கும், ஊதினால் செத்துவிடும்.

அவளுக்கு வேலை வீடு மாற்றித் தருகிற ஒரு கம்பெனியில். சாமான் ஏற்றுகிற வேலை இல்லை. முன்னாடியே போய் வீட்டைச் சுற்றிப் பார்த்து, எந்த அளவு லாரி வேண்டும், எது போகும், எது போகாது என்று சொல்கிற வேலை. முப்பது வருஷம் வாழ்ந்த வீட்டுக்குள் நுழைந்து, அம்மா வாங்கின பீரோ என்று அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, "ஏறாதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாளாம். அவள் கம்பெனியில் எல்லாரும் சொல்கிற வார்த்தை அது. ஏறும், ஏறாது. நடுவில் எதுவும் கிடையாது.

என் வீட்டுக் கூடத்தில் கார்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். படத்தைப் பார்க்கவில்லை, கதையைப் படிக்கவில்லை. மூலையில் இருக்கும் சக்தி எண்ணை மட்டும் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை வரிசையாகப் பிரித்தாள். பிறகு ஆரம்பித்தாள். "ஏறும். ஏறும். ஏறாது. ஏறாது. இது என்னக்கா, ஆறு சக்தி கேக்குது? ஏறவே ஏறாது." எனக்கு என் பிள்ளைகளை யாரோ வரிசையில் நிற்கவைத்துக் கழிப்பதுபோல இருந்தது. நான் டீ போட்டுக் கொண்டுவருவதற்குள் டெக் தயார். எண்ணிப் பார்த்தேன், சரியாக அறுபது.

"ஏழு ஏழா எடுத்துப் பாரு. ஆட்டம் ஆரம்பிக்கும்போது கைக்கு ஏழு கார்டு வரும். அதுல சக்தியும் இருக்கணும், மிருகமும் இருக்கணும். பத்துத் தடவை கலைச்சுப் பாத்து, எத்தனை தடவை நல்ல கை வருதுன்னு பாரு" என்று சொல்லிக் கொடுத்தேன்.

பார்த்தாள். பத்துத் தடவையும் நல்ல கைதான் வந்தது. என் அறுபத்தொன்றுக்கு அஞ்சு தடவை வந்தாலே நான் அன்றைக்கு அதிர்ஷ்டசாலி.

முதல் புதன்கிழமை எல்லாரிடமும் தோற்றாள். எனக்கு அவள்மேல் பிரியம் பொங்கியது. வழியெல்லாம் ஆறுதல் சொன்னேன், ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது வாரம் இரண்டு பேரை ஜெயித்தாள். "பரவாயில்லையே" என்றேன், குரலில் கொஞ்சம் சர்க்கரை குறைந்திருந்தது. அடுத்த வாரம் ஆடிட்டரைச் சாய்த்தாள். ஆடிட்டர் எங்கள் கடையின் பழம் தின்று கொட்டை போட்ட ஆள். எந்த டெக்கில் எத்தனை சக்தி என்று எதிராளிக்கே சொல்லுவார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எலியா?" என்றார்.

பிறகு நான். என் முறைக்கு நான் சக்தியை ஒவ்வொன்றாக அடுக்கி, எரிமலைத் தாய்க்கு மேடை போட்டுக்கொண்டிருந்தேன். அவள் எலி, எலி, இரண்டு எலி என்று இறக்கிக்கொண்டே போனாள். எனக்கு எட்டாவது சக்தி வருவதற்கு இரண்டு சுற்று இருக்கும்போது என் உயிர் தீர்ந்துவிட்டது. கையில் எரிமலைத் தாய் இருந்தாள். அவளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நல்லா ஆடினே" என்றேன். நான் வேண்டாமென்று தூக்கிப் போட்ட எலிகள். ஒரு எலியின் ஓரத்தில் என் காப்பிக் கறைகூட இருந்தது. அது என்னைக் கடித்துவிட்டுப் போனதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சும்மா சொல்லக்கூடாது, பொறாமை என்றால் என்ன என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. மாமியார் துணி விஷயத்தில் வந்ததெல்லாம் வெறும் எரிச்சல். இது வேறு. அவள் கார்டு கலைக்கிற சத்தம் கேட்டால் எனக்குப் பல் கூசியது. கடைக்காரர் அவளுக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி இழுத்துப் போட்டால், மூன்று வருஷமாக நான் வேர்த்து வடிந்தது ஞாபகம் வந்தது. ஒரு புதன்கிழமை அவளுக்கு வேலை இருந்தது, நான் மட்டும் போனேன். படியேறி உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எலி வரலையா?"

"எரிமலை வந்திருக்கேன், போதாதா?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கடையில் போட்டி அறிவித்தார்கள். பல ஊர்க் கடைகளிலிருந்தும் ஆட்கள் வருகிற பெரிய பந்தயத்துக்கு எங்கள் கடை சார்பில் ஒருவரை அனுப்புவார்கள். அந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி. ஜெயித்தவர் படத்தைக் கல்லாவுக்கு மேலே மாட்டுவார்கள். போன முறை நான் கடைசி ஆட்டம் வரை போய் ஆடிட்டரிடம் விட்டேன். அவர் படம் அங்கே தொங்கிக்கொண்டு, நான் உறை வாங்கும்போதெல்லாம் என்னைப் பார்க்கும். இந்தமுறை அந்த ஆணியில் நான் தொங்க வேண்டும் என்று இருந்தேன். அவள் தொங்கிவிட்டால் வீட்டில் சின்னவ, கடையிலும் சின்னவ. எனக்கென்று ஒரு புதன்கிழமைகூட மிஞ்சாது.

அவளும் பேர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு." கோபித்துக்கொள்வதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"எரிமலைத் தாய் ஏறாதுக்கா. எட்டு சக்தி ரொம்ப ஜாஸ்தி. அவளை எடுத்துட்டு வேற எது வேணா வைங்க, உங்க டெக் பறக்கும்."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. மூன்று வருஷம் என்னோடு இருந்த கார்டு. கடையில் எனக்குப் பெயர் கொடுத்த கார்டு. இவள் கடைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, என் பீரோவைப் பார்த்து ஏறாது என்கிறாள்.

"பாக்கலாம்" என்றேன். அதற்குப் பிறகு அவளோடு நான் டெக் பற்றிப் பேசவே இல்லை.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். எந்த அச்சுக்குப் பல் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. எலிப்படையை எது கொல்லும் என்று கார்டு கார்டாகத் தேடினேன். வெள்ளம் என்று ஒரு மந்திரம்: மேசையில் இருக்கும் சின்ன மிருகம் எல்லாவற்றையும் ஒரே அடியில் மூழ்கடிக்கும். அதில் நாலு. கூண்டு: எதிராளி ஒரே சுற்றில் இரண்டு மிருகம் இறக்கினால் இரண்டாவது மாட்டிக்கொள்ளும். அதில் நாலு. பஞ்சம்: ஒரு சக்தியில் இறங்குகிற மிருகத்துக்கெல்லாம் இரண்டு சக்தி ஆக்கும். அதிலும் நாலு. ஆகப் பன்னிரண்டு கார்டு, பன்னிரண்டும் சின்னவளுக்காக. அவற்றுக்கு இடம் வேண்டுமே? டிராகன்களை எடுத்தேன். அதுவும் போதவில்லை. எரிமலைத் தாயை எடுத்து மேசை டிராயரில் வைத்து மூடினேன். அவள் நல்லதுக்குச் சொன்னபோது செய்ய மறுத்ததை அவளை ஒழிப்பதற்காகச் செய்தேன். மூன்று வருஷத்தில் முதல் முறையாக என் டெக் அறுபதில் நின்றது.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பொறுமைசாலி. துண்டுக் காகிதங்களில் எலி, எலி என்று எழுதி, உறைக்குள் போட்டு, சின்னவளின் டெக்கை அப்படியே இன்னொன்றாகச் செய்து அவர் கையில் கொடுத்தேன். சாயங்காலம் வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து எனக்கு எதிராக எலி ஆடுவார். நான் வெள்ளத்தைத் திறந்துவிடுவேன். எல்லா எலியும் போகும். மறுபடி இறக்குவார், கூண்டில் மாட்டும். அந்த வாரம் முழுக்க நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவர் பார்த்ததில்லையாம்.

"சரி, இது சின்னவளுக்கு. மத்தவங்களுக்கு?" என்று கேட்டார்.

"மத்தவங்களா? யாரு?"

"போட்டிக்கு அவ ஒருத்திதான் வர்றாளா?"

"நீங்க எலியை இறக்குங்க" என்றேன்.

மேல்மாடியிலும் ஏதோ நடந்துகொண்டிருந்தது. நான் சாயங்காலம் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருக்கும்போது மேலே இருந்து கார்டு கலைக்கிற சத்தம் வரும். நிற்கும், வரும். முன்பு தினமும் கீழே இறங்கி வந்து கதையளப்பவள் இப்போது வரவில்லை. ஒருநாள் மாடிப்படியில் எதிரே வந்தபோது கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "வர்றேன்க்கா" என்று நழுவிவிட்டாள். தலைக்கனம் வந்துவிட்டது, இனி நம்மோடெல்லாம் ஏன் பேசுவாள் என்று நினைத்துக்கொண்டேன். எலிப் பொந்தில் தண்ணீர் நிரம்பப்போவது தெரியாமல் ஆடுகிறாள் என்று சிரித்தும்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. மேசைக்கு இருவராகப் பின்னறை நிறைந்துவிட்டது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஜெயித்தவர்களை ஜெயித்தவர்களோடும் தோற்றவர்களைத் தோற்றவர்களோடும் ஆடவிடுவார்கள். ஜெயிக்க ஜெயிக்க முதல் மேசையை நோக்கிப் போகலாம். தோற்கத் தோற்கக் கடைசி மேசைப் பக்கம் தள்ளுவார்கள். கடைசி மேசை கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில், தண்ணீர் கேன் வைத்திருக்கும் இடத்தில். அதில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

முதல் சுற்றில் எனக்கு எதிரே ஒரு நர்ஸ். யானை டெக். ஆறு பெரிய யானைகளை எதிரே நிறுத்தினாள். என் கையில் இரண்டு வெள்ளம், ஒரு கூண்டு, ஒரு பஞ்சம். யானை வெள்ளத்தில் மூழ்காது. ஒவ்வொரு முறை கார்டு எடுக்கும்போதும் இன்னொரு வெள்ளமோ கூண்டோதான் வந்தது. தோற்றேன். பரவாயில்லை, ஒரு தோல்விதானே, சின்னவளை எங்கேயாவது பிடித்துவிடலாம் என்று இருந்தேன்.

இரண்டாவது சுற்றில் ஒரு தபால்காரர். அவர் டெக்கில் மிருகமே இல்லை, எல்லாம் மந்திரம். என் பன்னிரண்டு கார்டும் ஒரே நேரத்தில் செல்லாக்காசாகிவிட்டன. ஆட்டம் முடிந்ததும் அவர் என் மேசையைப் பார்த்துவிட்டு, "நாலு கூண்டு எதுக்கும்மா? யாரைப் பிடிக்க?" என்று பாவமாகக் கேட்டார். நான் உறைகளைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

முதல் மேசையைச் சுற்றிக் கூட்டம். அங்கேதான் இருப்பாள் என்று தெரியும். எட்டிப் பார்க்க மனசு வரவில்லை. தலை நிமிராமலே மேசை மாறினேன், யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டால் "ஜெயிச்சுக்கிட்டே போறாங்க" என்பார்கள், நான் அதற்குச் சந்தோஷமாக முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது சுற்றிலும் மண்ணைக் கவ்வினேன். ஆணியும் போயிற்று, படமும் போயிற்று. நான் பொய் சொல்ல மாட்டேன், அப்போதுகூட நான் தோற்றது எனக்குப் பெரிதாக இல்லை. அவள் வெள்ளத்தைப் பார்க்காமல் தப்பித்துவிட்டாளே என்றுதான் இருந்தது.

கடைசிச் சுற்றுக்கு யாருக்கு யார் என்று கடைக்காரர் சுவரில் ஒட்டினார். கடையில் எல்லாரும் பட்டப்பெயரில்தான் பதிவு செய்வோம். மேலிருந்து தேடிக்கொண்டே கீழே வந்தேன். அடிவரியில் இருந்தது: கடைசி மேசை, எரிமலை, எலி.

தப்பாக ஒட்டிவிட்டார் என்று நினைத்தேன். திரும்பினால் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நீ எப்படி இங்க?" என்றேன்.

"நீங்க எப்படி இங்க?" என்றாள்.

கலைத்தோம், வெட்டினோம், ஏழு ஏழாக எடுத்தோம். என் கையைப் பார்த்தேன்: மூன்று வெள்ளம், இரண்டு கூண்டு, இரண்டு சக்தி. மற்ற யாரோடு ஆடினாலும் இது குப்பைக் கை. இவளோடு ஆட இதைவிட நல்ல கை கிடையாது. கடைசி மேசையானால் என்ன, எனக்கு இதுதான் பந்தயம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவள் தன் முதல் முறையில் எதையும் இறக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் ஒரு நத்தையை இறக்கினாள். நத்தை அடிக்காது, தடுக்கும், அவ்வளவுதான். நான் ஒரு ஆமையை இறக்கினேன், அதுவும் அப்படியே. நத்தையும் ஆமையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருந்தன. எலி வரும் வரும் என்று நான் காத்திருந்தேன். அவளும் எதற்கோ காத்திருந்தாள். என் ஒவ்வொரு முறையிலும் முன்னால் குனிந்து என் கையையே பார்த்தாள். கடைசியில் அவளால் முடியவில்லை.

"எரிமலைத் தாய் எங்கக்கா?"

"வீட்டுல."

"வீட்டுலயா?" அவள் குரல் கீச்சென்று ஏறியது.

"டிராயர்ல. நீதானே ஏறாதுன்னே? உன் எலியெல்லாம் எங்கே?"

"கழட்டிட்டேன்."

"கழட்டிட்டியா? ஏண்டி?" அதுவரைக்கும் அவளை நான் டி போட்டுக் கூப்பிட்டதில்லை.

அவள் கையிலிருந்த ஏழு கார்டையும் மேசையில் திருப்பிப் போட்டாள். சிறகொடிப்பான், சிறகொடிப்பான், வலை, சிறகொடிப்பான், அம்பு, கவண், பனிமூட்டம். பறக்கிற பெரிய மிருகத்தை வீழ்த்துவதற்கு இந்த ஆட்டத்தில் என்னென்ன உண்டோ அத்தனையும் அவள் கையில் இருந்தது. எங்கள் கடையில் பறக்கிற பெரிய மிருகம் வைத்து ஆடுகிறவள் நான் ஒருத்திதான்.

"எல்லார்கிட்டயும் தோத்துட்டேன்" என்றாள். "யாருமே பறக்கல."

நானும் என் கையைத் திருப்பிப் போட்டேன். மூன்று வெள்ளம், இரண்டு கூண்டு. அவள் அதையே பார்த்தாள்.

"எதுக்குடி?" என்றேன். "நீதான் என்னை ஏற்கெனவே ஜெயிச்சவளாச்சே. அந்த எலியையே கொண்டுவந்திருந்தா இந்நேரம் முதல் மேசையில இருந்திருப்பே."

"எலி ஜெயிச்சா என்னக்கா?" வெடித்துவிட்டாள். "நான் ஜெயிச்சா 'எலி ஜெயிச்சிடுச்சு'ன்னு சிரிக்கிறாங்க. நீங்க தோத்தாக்கூட ஒரு வாரம் பேசுறாங்க. 'எட்டாவது சக்தி மட்டும் வந்திருந்தா'ன்னு உச்சுக்கொட்டுறாங்க. நீங்க ஏழு சக்தி அடுக்கிட்டீங்கன்னா ஆடிட்டர் தன் ஆட்டத்தை விட்டுட்டு எழுந்து வந்து நிக்கிறாரு. என் பின்னாடி யாராச்சும் வந்து நின்னிருக்காங்களா? அந்த டிராகனை இறக்கும்போது உங்க மூஞ்சியை நீங்க பாத்ததில்ல. எனக்கு வயிறு எரியும். அதனாலதான் ஏறாதுன்னேன். நீங்க எடுக்க மாட்டீங்கன்னு தெரியும். எல்லாரும் சுத்தி நின்னு பாக்கும்போது அவளை இறக்குவீங்க, அப்ப சிறகை ஒடிக்கணும்னு..."

மேலே சொல்ல முடியாமல் தண்ணீர் கேனைத் திறந்து குடித்தாள். பாதி சட்டையில் சிந்தியது.

அவள் வந்த நாளிலிருந்து எனக்குள் இருந்த ஏதோ ஒன்று அப்போது இறங்கிப் போயிற்று என்று சொல்ல ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. எனக்குள் சந்தோஷம் குபுகுபுவென்று பொங்கியது. துணி மடிப்பதில், திரைச்சீலையில், பேசுகிற சத்தத்தில் எதிலும் என்னைவிட ஒரு படி மேலே நிற்கிறவள் என்னைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறாள். மேலே கேட்ட கார்டுச் சத்தம் எல்லாம் எனக்காக. கைப்பையை அக்குளில் இடுக்கியது எனக்காக. என் வாழ்நாளில் என்மேல் இவ்வளவு மெனக்கெட்டுப் பொறாமைப்பட்டவர்கள் யாரும் கிடையாது. கல்லாவுக்கு மேலே நூறு படம் மாட்டினாலும் எனக்கு இது கிடைத்திருக்காது.

நேரம் முடிந்தது என்று கடைக்காரர் மணி அடித்தார். எங்கள் மேசைக்கு வந்து ஆமையையும் நத்தையையும் பார்த்தார். இரண்டு பேருக்கும் இருபது உயிரும் அப்படியே இருந்தது. "என்ன நடந்துச்சு இங்க?" என்றார்.

"டிரா" என்றோம் சேர்ந்து.

முதல் மேசையில் கைதட்டினார்கள். மறுபடியும் ஆடிட்டர். அவர் படத்தைக் கழற்றி அவர் படத்தையே மாட்டுவார்கள். நாங்கள் இருவரும் கடைசி இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டு எங்கள் கார்டுகளைப் பொறுக்கினோம். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே உறைகளை அடுக்கினாள், அதையும் அழகாகத்தான் அடுக்கினாள்.

"அக்கா, எனக்காக எத்தனை வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"பன்னிரண்டு" என்றேன் பெருமையாக. "நாலு வெள்ளம், நாலு கூண்டு, நாலு பஞ்சம். நீ?"

அவள் கடைசி உறையையும் அடுக்கினாள்.

"பதினெட்டு."

படியிறங்கி, ஜெராக்ஸ் கடையைத் தாண்டி, வழக்கமாக ஜூஸ் குடிக்கிற இடத்தையும் தாண்டி நடந்தோம். அவள் என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். பதினெட்டு. எனக்காகப் பதினெட்டு. ஒவ்வொரு அடிக்கும் அதைச் சொல்லிச் சொல்லி ரசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் தெரு திரும்புகிற இடத்தில்தான் உறைத்தது. என்னுடையது பன்னிரண்டுதான். இதிலும் என்னைவிட ஆறு கூட வைத்திருக்கிறாள்.